குதிகால் கயிறு

படகு கவிழ்ந்தது சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு. ஏழு மணிக்கெல்லாம் ஏரிக்கரையில் நல்ல கூட்டம். ஏழேகாலுக்கு, யாரால் வந்த வினை என்பதையும் கூட்டமே தீர்மானித்துவிட்டது. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தால் கேட்கவா வேண்டும்?

"வேற யாரு, டிரைவர்தான். பஸ் ஓட்டுறவர்கிட்ட படகைக் குடுத்தா இப்படித்தான் ஆகும்."

டெய்லரக்காவின் காதில் இது விழுந்தபோது அவள் ஷெட்டுக்குள், கவிழ்ந்த படகின் பக்கத்தில் தனியாக நின்றிருந்தாள். ஆம்புலன்ஸ் கிளம்பிப் போயாயிற்று. படகில் போன மருந்துக்கடைக்காரம்மாவை அதில் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். கண் திறந்திருந்தது, ஆனால் ஒவ்வொரு இருமலுக்கும் வாயிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. படகை நாலு பேர் தூக்கிவந்து மரத்தாங்கிமேல் வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க ஓடிவிட்டார்கள்.

அந்தப் படகுச் சங்கத்தில் அவளுக்கு இரண்டு வேலை. ஒன்று, புதிதாகச் சேருகிறவர்களை ஷெட்டுக்குள் இருக்கும் பயிற்சி இயந்திரத்தில் உட்காரவைத்துத் துடுப்பு வலிக்கக் கற்றுக்கொடுப்பது. "தண்ணியையே தொடாத கோச்" என்று கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிடுவாள். இன்னொன்று, கிழிவது, அறுவது, பிரிவது எல்லாவற்றையும் தைப்பது. படகு உறை, மிதவைச் சட்டை, இருக்கைப் பட்டை. அதோடு குதிகால் கயிறு.

துடுப்புப் படகில் ஷூ ஆளோடு வராது. படகின் மிதிபலகையில் திருகாணி போட்டு முடுக்கியிருக்கும். வலிக்கிறவர் அதற்குள் காலை நுழைத்துக்கொள்ள வேண்டும். படகு தலைகீழானால் கால் சட்டென்று வெளியே வரவேண்டுமே, அதற்காகத்தான் ஷூவின் குதிகாலைப் பலகையோடு இழுத்துக் கட்டுகிற ஒரு குட்டைக் கயிறு. மூன்று விரல் நீளம், அவ்வளவுதான். காலை இழுத்தால் கயிறு ஷூவைப் பிடித்துக்கொள்ளும், கால் உருவிக்கொண்டு வந்துவிடும். கயிறு நீளமாக இருந்தால் ஷூவும் காலோடு சேர்ந்து வளைந்து எழும்பும், கால் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். புதியவர்களிடம் முதல் நாளே அவள் சொல்லிவிடுவாள்: "இந்தக் கயிறை நம்பித்தான் தண்ணியில போறீங்க. வேற யாரையும் நம்பாதீங்க, என்னையும் சேர்த்து."

இடது ஷூவைத் திருப்பினாள். அவள் கட்டிய கயிறுதான். இரட்டை முடிச்சு, நுனியை நூல்போட்டுத் தைத்து, மெழுகுவத்தியில் காட்டி உருக்கி அழுத்தியது. வலது ஷூவைத் திருப்பினாள். ஆறு விரல் நீளத்துக்கு வேறொரு கயிறு தொங்கியது. முடிச்சில் ஒரு காது நீட்டிக்கொண்டிருந்தது, இழுத்தால் அவிழ்கிற மாதிரி. எல்லாரும் கட்டினால் அந்தக் காது வலப்பக்கம் வரும். இது இடப்பக்கம் வந்திருந்தது.

அந்த முடிச்சோடு இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தியவள் அவள். வீட்டில் குப்பைப் பையில் அந்த முடிச்சுதான், திரைச்சீலையில் அந்த முடிச்சுதான், சைக்கிள் கேரியரில், பழைய பேப்பர் கட்டில், மழைக்கோட்டுத் தொப்பியில் எல்லாம் அதுவேதான். அவள் புருஷனுக்கு இடக்கைப் பழக்கம்.

என்ன செய்கிறோம் என்று யோசிப்பதற்குள் கை வேலையை முடித்துவிட்டது. இடுப்புப் பையிலிருந்து கத்தரியை எடுத்தாள், முடிச்சு கலையாமல் கயிற்றை வெட்டினாள், அளவு நாடா வைக்கும் தகர டப்பாவில் போட்டு மூடினாள்.

பத்து நிமிஷத்தில் சங்கத் தலைவர் வந்தார். பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதைப் பார்த்தாலும் 'வாயை நல்லாத் திறங்க' என்கிற மாதிரிதான் குனிந்து பார்ப்பார். ஷூவுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"கயிறே இல்லம்மா! கயிறே இல்லாம ஒரு மனுஷன் படகை இறக்கியிருக்கான் பாருங்க!"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நீளமாக ஒரு கயிறு தொங்கியிருந்தால், கண்ணுக்குத் தப்பிவிட்டது என்றாவது டிரைவர் சொல்லிக்கொள்ளலாம். கயிறே இல்லை என்றால் ஷூவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். அவள் எடுத்தது புருஷனைக் காப்பாற்ற. அது இடியாகப் போய் இறங்கியது டிரைவர் தலையில். வாயைத் திறந்து சொல்லிவிடலாம், அந்த நிமிஷமே. திறக்கவில்லை.

அந்தச் சங்கத்தில் மொத்தமே மூன்று பயிற்சியாளர்கள். அவள், அவள் புருஷன், டிரைவர். புருஷன் குடிநீர் அலுவலகத்தில் வீடு வீடாக மீட்டர் பார்க்கிறவர். ஆனால் ஏரிக்கரையில் யாரைக் கேட்டாலும் சாம்பியன் என்றுதான் சொல்வார்கள். வாலிபத்தில் அடுக்கடுக்காகப் பதக்கம் வாங்கினவர். டிரைவர் நாற்பது வயதில், முதுகுவலிக்கு நல்லது என்று யாரோ சொல்லக் கேட்டு வந்தவர். வந்த இடத்தில் சாம்பியனிடம் மாட்டி, துடுப்பு பிடிக்கக் கற்று, இன்றைக்கு மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டார்.

அடுத்த மாதம் ஆண்டுவிழா. ஷெட் சுவரில் பெரிய பலகை மாட்டப்போகிறார்கள். மூன்று பேர் படமும், கீழே அவரவர் பின்னணியும். அதற்காகத் தலைவர் ஆளுக்கொரு தாள் கொடுத்திருந்தார். சாம்பியனின் தாள் இரண்டு பக்கமும் நிரம்பி வழிந்தது. கடைசி வரி: 'உச்சத்தில் இருந்தபோதே போட்டிகளிலிருந்து விலகிப் பயிற்சிப் பணிக்குத் தம்மை ஒப்படைத்தார்.' டிரைவரின் தாளில் ஒரே வரிதான். 'பஸ் ஓட்டுநர், இருபத்திரண்டு வருடம், ஒரு விபத்தும் இல்லை.' அதைப் படித்துவிட்டு எல்லாரும் சிரித்தார்கள். டிரைவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அவள் தாள் இன்னும் காலியாகக் கிடந்தது.

*

மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது சாம்பியன் ரொட்டியைத் தட்டில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்காங்களாம்?"

"உசுருக்கு ஒண்ணும் இல்லையாம். நெஞ்சுல தண்ணி போயிருக்கு. ரெண்டு மூணு நாள் வச்சுப் பாக்கணுமாம்."

"நல்லவேளை."

அவள் கை கழுவினாள். அடுப்பில் பாலை வைத்தாள். அவராக ஏதாவது சொல்வார் என்று பால் பொங்குகிற வரைக்கும் காத்திருந்தாள். அடுப்பை அணைத்துவிட்டு, தகர டப்பாவைக் கொண்டுவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்துத் திறந்தாள்.

அவர் பார்த்தார். கையை நீட்டி மூடியைப் போட்டு அழுத்தினார்.

"இது எங்க கிடைச்சது உனக்கு?"

"எங்க கட்டினீங்களோ அங்கதான்."

வெளியே பக்கத்து வீட்டில் யாரோ படிக்கட்டைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.

"பத்து நாளாத்தான்," என்றார். "விழாவுல நான் ஒரு சுத்து வலிச்சுக் காட்டணும்னு தலைவர் சொல்லிட்டாரு. எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு. முடியாதுன்னு எப்படிச் சொல்றது? பதினாறு வருஷமாச்சு நான் படகுல உக்காந்து. மோட்டார் படகுல நின்னு கத்திட்டே காலத்தை ஓட்டிட்டேன்."

"அதனால?"

"அதனால விடியக்காலைல போய்ப் பழகினேன். ஒல்லிப் படகுல ஏறினா உருளுது. அதான் அந்த அகலப் படகை எடுத்தேன்."

"புதுசா வர்றவங்க படகை."

"ஆமா, கத்துக்குட்டிங்க படகைத்தான். போதுமா?" குரல் உயர்ந்து உடனே இறங்கியது. "வலது கால் மடங்கல. சீட்டோட முன்னாடி நகர்றப்ப குதிகால் நல்லா எழும்பணும், உன் கயிறு விடமாட்டேங்குது. அதான் அதை அறுத்துட்டு நீளமா ஒண்ணு கட்டினேன். முடிச்சதும் இழுத்துக் குட்டையாக்கிடுவேன். தினமும் அப்படித்தான் செஞ்சேன். இன்னிக்கு டிரைவர் சீக்கிரமே வந்துட்டான். அந்தப் படகுல இருக்கறப்ப என்னைப் பாத்துடுவானோன்னு அவசரமா எறங்கினதுல கயிறை இழுக்க விட்டுட்டேன்."

அந்தக் கால் கதை அவளுக்குத் தெரியும். உலகத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவள் தையல்கடைக்குப் பெயர்ப்பலகை மாட்ட ஏணியில் ஏறி விழுந்தார். கணுக்கால் நொறுங்கி, எலும்பு கூடி, மடங்காமலே போய்விட்டது. ஏணியிலிருந்து விழுந்ததால் சாம்பியன் பட்டம் போனது என்று சொல்ல வெட்கப்பட்டு, நானாகவே விலகிவிட்டேன் என்று சொன்னார். தன் கடைப் பலகைக்காகப் போன கால் ஆயிற்றே என்று அவளும் பதினாறு வருஷமாக அந்தப் பொய்க்கு ஆமாம் போட்டுவந்தாள்.

"தலைவர்கிட்டப் போய்ச் சொல்லுங்க."

"எதுக்கு? அந்தம்மா பொழைச்சுட்டாங்க. தண்ணியில இறக்கறதுக்கு முன்னாடி கயிறைப் பாக்க வேண்டியது இறக்கறவன் பொறுப்பு. விதிமுறையில இருக்கு."

"விதிமுறையை எழுதினது யாரு?"

"நான்தான்."

"நல்லா எழுதினீங்க."

"இந்தா பாரு," என்று அவர் முதல்தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார். "கட்டினது நான். ஒத்துக்கறேன். வெட்டி எடுத்து ஒளிச்சது யாரு? நீ சும்மா விட்டிருந்தா அது அங்கேயே இருந்திருக்கும். இப்ப கயிறே இல்லன்னு ஊரெல்லாம் பேச்சு. அதுக்கு நான் என்ன பண்றது?"

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, கோபத்தில். அவர் சொன்னது உண்மை என்பதால் கோபம் இரண்டு பங்காயிற்று. டப்பாவை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டாள். அன்றைக்கு ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடதாகவே வெட்டிவைத்தாள்.

*

திங்கட்கிழமை ஆப்பிளும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். மருந்துக்கடைக்காரம்மா தலையணையில் சாய்ந்து, தனக்குக் கொடுத்த மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க டெய்லரக்கா. இது தலைவலி மாத்திரைதான், பேரை மாத்திக் குடுக்கறாங்க. என்கிட்டயேவா?" என்றாள். தொண்டை கட்டியிருந்தது. கொஞ்ச நேரம் மாத்திரையைப் பற்றிப் பேசிவிட்டு, கேட்காமலே அந்தக் கதைக்கு வந்தாள்.

"துடுப்பு தண்ணிக்குள்ள சிக்கிச்சு. அவ்வளவுதான், கவுந்துட்டேன். நீங்க சொல்லிக்குடுத்தீங்கல்ல, பதறாதே, காலை உருவுன்னு. உருவினேன் அக்கா. இடது கால் வந்துடுச்சு, சட்டுனு. வலது கால் வரல. இழுக்க இழுக்க ஷூவும் கூடவே வருது. நீங்க சொன்னது ஞாபகம் இருக்கு, கயிறு பிடிச்சுக்கும், கயிறு பிடிச்சுக்கும்னு. நானும் எண்ணிட்டே இழுக்கறேன், பிடிக்கவே இல்ல."

டெய்லரக்காவின் மடியில் கைப்பை இருந்தது. கைப்பைக்குள் டப்பா இருந்தது.

"அப்புறம் டிரைவர் முகம் தெரிஞ்சது, தண்ணிக்குள்ள. கண்ணைத் திறந்துக்கிட்டு வர்றாரு. ஷூ பட்டையைப் பிச்சு எறிஞ்சாரு. நகம் ரெண்டு பேந்துடுச்சாம் அவருக்கு. வெளியில உக்காந்திருக்காரு பாருங்க, தினமும் வர்றாரு. உள்ள வாங்கன்னா வரமாட்டேங்கறாரு."

நடைபாதைப் பெஞ்சில் டிரைவர் சீருடையோடு உட்கார்ந்திருந்தார். இரண்டு விரலில் கட்டு. அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"உக்காருங்க தம்பி. டீ குடிச்சீங்களா?"

"ஆச்சுக்கா. வண்டி எடுக்க இன்னும் அரைமணி இருக்கு." நின்றபடியே சொன்னார். "வியாழக்கிழமை கூட்டமாம். என் பேரை எடுத்துடுவாங்க. அது பரவாயில்ல. ஆனா நகராட்சிக்கு அறிக்கை எழுதி அனுப்பணுமாம், அஜாக்கிரதைன்னு. அது எங்க டிப்போவுக்குப் போனா ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டாங்கக்கா. அஜாக்கிரதைன்னு ஒரு வார்த்தை போதும். அப்புறம் நான் ஷெட்ல வண்டி கழுவ வேண்டியதுதான்."

"நீங்க ஏன் தம்பி பாக்கல?" என்று கேட்டாள். "உங்களைவிட ஒழுங்கா பாக்கறவங்க யாரு இருக்கா? ஒவ்வொரு கயிறையும் ரெண்டு தடவை இழுத்துப் பாப்பீங்களே."

டிரைவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"உங்ககிட்ட மட்டும் சொல்றேன்க்கா, வெளியில சொல்லிடாதீங்க. அன்னிக்கு நான் போறப்ப சாம்பியன் அண்ணன் அந்தப் படகுகிட்ட நின்னுட்டிருந்தாரு. படகு ஈரமா இருந்தது. நமக்காக விடியறதுக்கு முன்னாடி வந்து, கழுவி, சரிபார்த்து வச்சிருக்காரேன்னு எனக்கு மனசே நிறைஞ்சுபோச்சு. அவர் கை பட்ட படகை அவர் எதிர்லயே நான் மறுபடி இழுத்துப் பாத்தா எப்படி இருக்கும்? அவரையே நம்பலன்னு ஆயிடாதா? அதான் விட்டுட்டேன். பஸ்ஸா இருந்தா விட்டிருப்பேனா? எங்க மேனேஜரே டயரைப் பாத்துட்டேன்னு சொன்னாலும் நான் ஒரு தட்டு தட்டிப் பாத்துட்டுத்தான் ஏறுவேன். தும்பை விட்டுட்டு வாலைப் பிடிச்ச கதை என்னுது."

"இதைத் தலைவர்கிட்டச் சொன்னீங்களா?"

"அண்ணன் பேரை எதுக்குக்கா இழுக்கணும்? பாக்காதது நான்தானே?"

அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். டிரைவர் ஓடிப்போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தார்.

*

அன்றைக்குச் சாயங்காலம் டிரைவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் புருஷனிடம் சொன்னாள். அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தவர், பாதியில் நிறுத்தி, மறுபடி போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். செவ்வாயும் புதனும் மீட்டர் பார்க்கப் போனார், வந்தார், சாப்பிட்டார். குப்பைப் பையை மட்டும் கட்டாமல் அப்படியே விட்டுவிட்டுப் போனார். அவள்தான் கட்டினாள்.

வியாழக்கிழமை காலையில் அவர் செருப்பை மாட்டும்போது கேட்டாள்: "ஏங்க, சாயங்காலம் நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"என்னைக் கொஞ்சம் யோசிக்க விடு."

"அஞ்சு மணி வரைக்கும் யோசிங்க."

கூட்டம் ஷெட்டில்தான். படகுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, மடக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். வெளியே மழை பிடித்துக்கொண்டது, தகரக் கூரையில் சத்தம். அதனால் எல்லாரும் கத்திக் கத்திப் பேச வேண்டியிருந்தது. மேஜையில் தலைவர். பக்கத்தில் செயலாளர், பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர். அறிக்கை எழுதப் பேனாவைத் திறந்துவைத்திருந்தாள். முப்பது பேர் வந்திருப்பார்கள். சாம்பியனுக்கு முன்வரிசையில் யாரோ இடம் பிடித்து வைத்திருந்தார்கள். டிரைவர் டிப்போவிலிருந்து நேராக வந்து, கதவோரமாக ஈரத்தோடு நின்றார்.

"மூணு பேரோட பின்னணியையும் அறிக்கையோட இணைக்கணும்," என்றார் தலைவர். சாம்பியனின் தாளைப் படித்தார். அது முடியவே ஐந்து நிமிஷம் ஆயிற்று. பிறகு டிரைவரின் ஒற்றை வரியைப் படித்தார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது.

"யானைக்கும் அடி சறுக்கும்னு சொல்வாங்க," என்று பின்னாலிருந்து ஒரு குரல். "இவரு யானையும் இல்லையே."

"கயிறைப் பாத்தீங்களா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க," என்றாள் செயலாளர்.

"பாக்கல மேடம்."

"ஏன்?"

"பாக்கலங்க. அவ்வளவுதான். என் தப்பு."

"அப்ப அஜாக்கிரதைன்னு எழுதிக்கறேன்."

டெய்லரக்கா முன்வரிசையைப் பார்த்தாள். புருஷனின் பின்னங்கழுத்துத் தெரிந்தது. அது அசையவில்லை. பேனா தாளைத் தொடப்போனது. அவள் எழுந்தாள். நாற்காலி மடங்கிக் கீழே விழுந்து, மழைச் சத்தத்தையும் மீறி எல்லாரும் திரும்பினார்கள்.

"எழுதாதீங்க டீச்சர்."

மேஜைவரைக்கும் நடந்துபோனாள். டப்பாவைத் திறந்து கயிற்றை எடுத்து, டிரைவரின் தாள்மேல் வைத்தாள்.

"இது அந்த வலது ஷூல இருந்தது. கயிறு இல்லாம இல்ல, நீளமா இருந்தது. வெட்டி எடுத்தது நான்தான். எல்லாரும் வெளியில நின்னப்ப எடுத்து ஒளிச்சு வச்சேன். அஞ்சு நாளா இவரைப் பழி சுமக்க விட்டுட்டேன்."

தலைவர் வழக்கம்போலக் குனிந்தார். "நீங்க கட்டின கயிறு இல்லையே இது? ஏம்மா எடுத்தீங்க? யார் கட்டினது?"

அவள் வாயைத் திறந்தாள். கண் முன்வரிசையில் இருந்த புருஷனிடம் போய்விட்டது. அவள் எங்கே பார்க்கிறாள் என்று டிரைவர் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். சனிக்கிழமைக் காலையில் ஈரமாக நின்ற படகு அவருக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். வேகமாக மேஜைக்கு வந்தார்.

"நான்தான் சார் கட்டினேன். அவசரத்துல கட்டினேன். மறந்துட்டேன்."

"தம்பி, சும்மா இருங்க!"

"நான்தான்க்கா."

செயலாளர் கணக்கு டீச்சர், லேசில் விடுவாளா? கயிற்றைப் பிரித்து அவர் முன்னால் தள்ளினாள். "கட்டிக் காட்டுங்க."

டிரைவர் கயிற்றை எடுத்தார். கட்டுப்போட்ட விரல்களோடு நாற்காலிக் காலில் சுற்றி, இழுத்து, ஒரு முடிச்சுப் போட்டார். அது பஸ் கூரையில் மூட்டை கட்டுகிற முடிச்சு. அவிழ்த்தார். மறுபடி போட்டார். மறுபடியும் அதே மூட்டை முடிச்சுதான் வந்தது. நெற்றியிலிருந்து வியர்வையோ மழைத்தண்ணீரோ கயிற்றின்மேல் சொட்டியது. மூன்றாவது தடவை கயிறு நழுவிக் கீழே விழுந்தது.

அதை எடுக்க ஒரு இடது கை நீண்டது.

சாம்பியன் எப்போது எழுந்து வந்தார் என்று யாரும் பார்க்கவில்லை. குனிந்தபடியே, நாற்காலிக் காலில் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி, ஒரே இழுப்பில் முடிச்சுப் போட்டார். இடப்பக்கம் காது நீட்டிக்கொண்டு நின்றது.

அவர் நிமிரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, வலது கால் செருப்பைக் கழற்றினார். பாதத்தை எல்லாரும் பார்க்கிற மாதிரி முன்னால் வைத்தார்.

"இது மடங்காது," என்றார். "பதினாறு வருஷமா மடங்காது. நானா விலகல. ஏணியில இருந்து விழுந்தேன்." பிறகு டிரைவரைப் பார்த்தார். "நான் நின்னா நீ பாக்கமாட்டேன்னு எனக்குத் தெரியாதுப்பா. தெரிஞ்சிருக்கணும்."

செயலாளர் பேனாவை மூடினாள். டெய்லரக்கா அழுதாள், முப்பது பேர் முன்னால், முந்தானையால் வாயைக்கூடப் பொத்திக்கொள்ளாமல்.

*

சாம்பியனை ஒரு வருஷத்துக்குப் பயிற்சியாளர் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். அறிக்கையில் அவர் பெயர்தான் போனது. அவளுக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதை மடித்துத் தகர டப்பாவில் வைத்துக்கொண்டாள். டிரைவருக்கும் வந்தது, பார்க்காததற்கு. ஆனால் அஜாக்கிரதை என்ற வார்த்தை அதில் இல்லை. மருந்துக்கடைக்காரம்மா வீட்டுக்குச் சாம்பியன் தனியாகப் போனார். அவரை வாசலிலேயே நிற்கவைத்து அரைமணி நேரம் அவள் வாங்கு வாங்கென்று வாங்கினாளாம். பிறகு காலுக்குத் தடவ ஒரு களிம்பும் கொடுத்தனுப்பினாளாம்.

விழா நடக்கவில்லை. பலகையை மட்டும் மாட்டினார்கள், இரண்டு படத்தோடு. டெய்லரக்கா தன் தாளில் 'தையல்' என்று எழுதிக் கொடுத்திருந்தாள்.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை, வெயில் நன்றாக ஏறிய பிறகு, சாம்பியன் ஏரிக்கு வந்தார். ஒல்லிப் படகுகளைத் தாண்டி நடந்து, அந்த அகலப் படகின் முன் நின்றார். கரையில் ஆட்கள் இருந்தார்கள். பார்க்காத மாதிரி பார்த்தார்கள். டிரைவர் கூடவந்து ஒரு கை கொடுத்து, இரண்டு பேருமாகப் படகைத் தண்ணீரில் இறக்கினார்கள். சாம்பியன் மெதுவாக உட்கார்ந்து காலை ஷூவுக்குள் நுழைத்தார். துடுப்பைப் பிடித்துக்கொண்டு, கரையைத் தள்ளக் கையை நீட்டினார்.

"இருங்கண்ணே," என்றார் டிரைவர்.

மிதவை மேடையில் மண்டிபோட்டு, படகுக்குள் குனிந்தார். இடது ஷூவின் கயிற்றை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். வலது ஷூவுக்கு வந்தபோது கொஞ்சம் தயங்கினார். அது டெய்லரக்கா முந்தினநாள் புதிதாகத் தைத்தது, மூன்று விரல் நீளம், வலிக்கும் என்று தெரிந்தே தைத்தது.

அவள் ஷெட் வாசலில் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"குதிகாலைத் தூக்குங்க," என்றார் டிரைவர்.

சாம்பியன் தூக்கினார்.

"இன்னும் தூக்குங்கண்ணே. முடிஞ்ச மட்டும்."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார். கயிறு விறைத்து நின்றது. டிரைவர் விரலால் அதை ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, எழுந்து, படகைத் தள்ளிவிட்டார்.